எத்தனை மணிக்கு வந்து சேருவான்?

விமான டிக்கெட் விற்பது சுலபம், "எத்தனை மணிக்கு வந்து சேருவான்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! தூரமும் நேரமும் எல்லார் போனிலும் இருக்கிறது. இருந்தும் என் கடை இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, என் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். சலித்துக்கொள்வேன். ஆனால் நான் சொல்லும் நேரத்தை நம்பி ஒரு வீடே காத்திருக்குமே, அந்தப் பயமும் உண்டு.

கூடவே வரும் சூரியன்

சுபாங் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், நோன்பு மாதத்தில் மகளைப் பார்க்க லண்டன் கிளம்பினார். காலை விமானம்தான் வேண்டுமாம். "பாய், பிளைட் மேற்கே போகும். சூரியனும் கூடவே வரும். நோன்பு திறக்க ரொம்ப நேரமாகும்" என்றேன். பயணத்தில் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல, விட மனமில்லை. தாடியைத் தடவி யோசித்தார்.

"அப்ப ராத்திரி பிளைட்டே போடும்மா. சூரியன் முன்னால போகட்டும் லா, நான் சாப்பிட்டுட்டுப் பின்னால போறேன்."

ஒரே நாளில் இரண்டு இலை

ரவாங்கிலிருந்து வரும் அங்கிள் ஒருவருக்கு மகன் அமெரிக்காவில். தன் அப்பாவுக்குப் படைக்கும் நாளும் பயண நாளும் ஒன்றாக விழுந்துவிட்டதால் டிக்கெட்டை மாற்ற வந்தார். "மாத்த வேணாம் அங்கிள். விடியறதுக்குள்ள படைச்சுட்டுக் கிளம்புங்க. அவ்வளவு தூரம் பறந்து அங்க இறங்கும்போதும் அதே தேதிதான் இருக்கும்" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து முறைத்தார். அங்கே கடிகாரம் நமக்கு எவ்வளவு பின்னால் ஓடுகிறது என்று விளக்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப மகன் வீட்லயும் ஒரு இலை போட்டுடலாம். அப்பா இன்னும் அமெரிக்கா பார்க்கலயே!"

லண்டனில் பதினொன்று

கிள்ளானில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் லண்டனில். இரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது. பணம் கட்ட வந்த மகனின் சித்தப்பா, "ஞாயிறு நாலு மணிக்கு எடுக்கிறோம்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றார். அவர் போட்ட கணக்கு இதுதான்: மகன் அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு ஏறுகிறான், பதினாலு மணி நேரப் பயணம், காலை பதினொன்றுக்கு இங்கே இறங்கிவிடுவான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது லண்டன் கடிகாரத்தில் பதினொன்று. நமக்கு அப்போது பொழுது சாய்ந்திருக்கும். மகன் வந்து இறங்கும்போது அப்பா சாம்பலாகியிருப்பார்.

"அண்ணே, இன்னும் ஒரு ராத்திரி வைங்க" என்று கெஞ்சினேன். ஊர் என்ன சொல்லும் என்று அவர் தயங்கினார். வீட்டுக்குப் போன் போடச் சொல்லி, பெரியவரின் மனைவியிடம் நானே விவரத்தைச் சொன்னேன். "என் மகன் வந்து மூஞ்சியப் பார்க்காம யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் அந்த அம்மா. திங்கட்கிழமை காலை மகனே கொள்ளி வைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அம்மா மகனை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உண்மையில் நான்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத என் வார்த்தையை நம்பி, ஊரையே நிறுத்தி வைத்த மனுஷி அல்லவா!

"அவரு யாருக்கும் காத்திருக்கிற ஆளே இல்லம்மா. மகனுக்காக ஒரு ராத்திரி இருந்தாரு."

ஆகாயத்தில் எத்தனை மணி நேரம் என்று போனே சொல்லிவிடுகிறது; வாசலில் நிற்பவர்களுக்கு அப்போது மணி என்ன என்று சொல்ல இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறதே, அந்தப் புண்ணியத்தில்தான் என் அடுப்பு எரிகிறது.