ஊசிக்காரரின் முன்னறை

மைதானத்தில் அவரை எல்லோரும் ஊசிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பந்து தைப்பது, பூட்ஸுக்கு அடித்தோல் போடுவது, கோல் வலையில் விழுந்த ஓட்டையை அடைப்பது, பிய்ந்த கையுறையைச் சரிசெய்வது என்று கால்பந்துச் சங்கத்தின் பழுது வேலை முழுவதும் அவருடையது. பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்த சரிவான அறைதான் பட்டறை. பாதி அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆயுசு முழுக்க அங்கே குனிந்து வேலை செய்ததில், வெளியே வந்த பிறகும் குனிந்தே நடந்தார்.

அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பிய்ந்தது தரையில் கிடக்கும். தைத்து முடித்தது அலமாரித் தட்டில் ஏறும். கிழிசலோடு ஒரு பொருளைத் தட்டில் வைத்தால், யாராவது அப்படியே எடுத்துக்கொண்டு ஆடப் போய்விடுவார்கள். அதனால் தட்டில் இருக்கிறது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

'இதெல்லாம் இனி தேறாது, தூக்கிப் போடு' என்று சங்கம் ஒதுக்கியவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தது ஒரு பந்தில்தான். இறுதி ஆட்டத்தில் கோல் கம்பத்தில் பட்டு வெடித்த பந்து. வெடித்த பிறகு கோட்டைத் தாண்டியதா, தாண்டிய பிறகு வெடித்ததா என்று ஊர் இன்னமும் சண்டை போடுகிறது. அதற்குப் பின்னால் கையுறைகள், அணித் தலைவரின் கைப்பட்டை, நடுவரின் விசில், கிழிந்த ஜெர்சிகள் என்று வந்துகொண்டே இருந்தன. இரண்டே அறை உள்ள வீட்டில் முன்னறை நிறைந்துபோனது.

"யாராவது வந்தா பந்து மேலதான் உக்கார வைக்கணும்" என்பாள் மனைவி. அவளுக்கு முழங்கால் மோசம். சமையலறை ஓரத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்து, சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். முன்னறை காலியானால் ஒரு கட்டில் போடலாம்.

"மியூசியம் வரட்டும். மறுநாளே அறை உன்னுது."

சங்கத்துக்கு வந்த ஒவ்வொரு செயலாளரும் மியூசியம் கட்டித் தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்தார். முதல் வாக்கை நம்பி அவர் ஒரு பெயர்ப்பலகைகூட எழுதி வாங்கினார். பிறகு அந்தப் பலகை, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி, அலமாரியின் அடித்தட்டாகிவிட்டது.

இப்போது மைதானத்தை இடித்துக் கட்டுகிறார்கள். அதில் உண்மையாகவே ஒரு மியூசியம் வருகிறது. அதற்கென்று நியமிக்கப்பட்ட பெண் அதிகாரியை மைதானத்துக் காவல்காரர் ஒரு காலையில் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஊசிக்காரர் முந்தின நாள் முழுக்க எல்லாவற்றையும் மெருகுத் துணியால் துடைத்திருந்தார். தோள்பட்டை கடுத்தது. கண்ணும் கையும் ஓய்ந்துவிட்டதால் இனி ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாது. இதுவும் நடக்காவிட்டால் அடுத்த செயலாளருக்குக் காத்திருக்கத் தெம்பில்லை என்று அவருக்குத் தெரியும்.

அதிகாரி நேராகப் பந்திடம் போனார். "இதுதானேங்கய்யா அந்த இறுதி ஆட்டத்துப் பந்து?"

"அதேதான் மேடம்."

அவர் பந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வெடிச்ச இடம் எங்க?"

"அதைத்தான் தச்சிட்டேனே!" ஊசிக்காரரின் முகம் மலர்ந்தது. "நீங்க எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. உள்ள புது ரப்பர்ப் பை. இப்பவே எடுத்துட்டுப் போய் ஆடலாம்."

அதிகாரி கையுறைகளை எடுத்தார். தைத்திருந்தது. ஜெர்சிகளில் கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. ஒரு துளி சேறு எங்கும் இல்லை.

"மேடம், இவர்கிட்ட செத்துப்போன பந்தைக் குடுத்தாக்கூட எழுப்பி உக்கார வச்சிருவாரு" என்றார் காவல்காரர். "அண்ணனுக்கு அது ஒரு வியாதி."

"ஐயா," அதிகாரி மெதுவாகச் சொன்னார், "எங்களுக்கு வேண்டியதே அந்தக் கிழிசல்தான். இதைப் பார்த்தா யாரும் நம்ப மாட்டாங்க. கடையில வாங்கினது மாதிரி இருக்கு."

"கிழிஞ்சதை எப்படி மேடம் தட்டுல வைக்கிறது?"

அதிகாரி கையுறைகளைத் திரும்ப வைத்தார். ஊசிக்காரரே மறுபடி கேட்டார். "பிரிச்சுத் தரட்டுமா? தையல் என்னுதுதானே."

"பிரிச்சா உங்க தையல் பிரிஞ்ச பந்தா இருக்கும்யா. அன்னிக்கு வெடிச்ச பந்தா இருக்காது."

அது சரி என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. வெடித்த ஓரங்கள் கன்னாபின்னாவென்று இருந்தன என்று கத்தரியால் நேராக்கித்தான் தைத்திருந்தார். அவர் அடித்தட்டின் விளிம்பில் உட்கார்ந்தார்.

அதிகாரி விடைபெற்று வாசலுக்குப் போனபோது காலில் ஏதோ இடறியது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த பூட்ஸ். இடது கால். அடித்தோல் வாயைப் பிளந்து தொங்க, அதைச் சுற்றி ஒரு காயக்கட்டுத் துணி இறுகக் கட்டியிருந்தது. விளிம்பெல்லாம் காய்ந்த சேறு.

அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "இது யாரோடது?"

"பழைய கேப்டனோடது" என்றார் ஊசிக்காரர் கூச்சத்தோடு. "மழையில ஆடின ஆட்டம். அடி பிஞ்சு போச்சு, துணியைக் கட்டிக்கிட்டே கடைசி வரைக்கும் ஓடினாரு. அது வேண்டாம் மேடம், அசிங்கமா இருக்கு. வலது காலை முடிச்சிட்டேன். இதுக்குத் தோல் கிடைக்கல. அதுக்குள்ள இவ எடுத்து..."

"கதவு படார் படார்னு அடிச்சா நான் வேற என்னத்தை வைக்கிறது?" என்றாள் மனைவி. "வீட்டுல எதைத் தொட்டாலும் சரித்திரம்ங்கிறாரு. இது ஒண்ணுதான் சும்மா கெடந்துச்சு."

அதிகாரி பையிலிருந்து வெள்ளைத் துணியை விரித்து, சேறு உதிராமல் பூட்ஸை அதில் வைத்தார். "இதை மட்டும் எடுத்துக்கறேன் ஐயா. கண்ணாடிக்குள்ள வைப்போம். பக்கத்துல உங்களைப் பத்தியும் எழுதறோம்."

"என்ன வேலை செஞ்சேன்னு எழுதுவீங்க? அதுல நான் கையே வைக்கலையே."

காவல்காரர் சிரிக்க வாய் திறந்து, ஊசிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அதிகாரி பூட்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று அடித்தது. மனைவி அலமாரியிலிருந்து வலது பூட்ஸை எடுத்தாள். பளபளவென்று இருந்தது. அவரைக் கேட்காமலே அதைக் கதவுக்கு அடியில் செருகினாள்.

"இது அதைவிட நல்லா நிக்குது."

"அடி சமமா இருக்குல்ல. நிக்கும்."

அவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "கட்டிலுக்கு எவ்வளவு நீளம் வேணும்?"

"இப்ப என்னங்க அதுக்கு? இன்னிக்கு வேண்டாம்."

"மியூசியம் வந்தா அறை உனக்குன்னு சொல்லியிருக்கேன்ல. வந்துட்டுப் போயிருச்சு."

கோணிப்பையை விரித்துக்கொண்டு அடித்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். பந்தை எடுத்தபோது பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காற்று குறைந்திருந்தது. பம்பு எங்கே என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, பரவாயில்லை என்று அப்படியே பையில் போட்டார்.