மீன் இல்லாத வெள்ளிக்கிழமை

இந்த நாட்டில் கொண்டைக்கடலை ஏற்கெனவே ஊறி, ஏற்கெனவே வெந்து, டின்னுக்குள் அடைபட்டு வருகிறது. மூடியில் இருக்கும் வளையத்தைப் பிடித்து இழுத்தால் போதும். அடியில் ஒரு தேதி அச்சடித்திருப்பார்கள், அதுவரை கெடாது என்று. இன்று எனக்கு விடுமுறை. காலை பதினொரு மணி ஆகியும் நைட்டியைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்று அந்தத் தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விசா முடிந்து எட்டு மாதம் கழித்து வருகிற தேதி. நாங்கள் இங்கே இருக்கலாமா, மூட்டை கட்ட வேண்டுமா என்று இந்த அரசாங்கம் யோசித்துக்கொண்டிருக்கும் காலத்திலும் இந்த டின் கவலையில்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். கொடுத்துவைத்த டின்.

அதே அலமாரியில் காய்ந்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு பை முழுக்க இருக்கிறது. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் இலங்கைத் தமிழர் கடையில் வாங்கி வந்தது. ருசி அதில்தான். டின்னில் வருவது வெள்ளையாக, வாயில் போட்டால் மாவாக இருக்கும். ஆனாலும் மூன்று மாதமாக அந்தப் பையின் வாயைக் கட்டியிருக்கும் நூலை நான் அவிழ்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், பாம்பனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

நான் பாம்பனில் பிறந்து தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டும் மீன்பிடித் தொழிலை நம்பிய வேதக்காரர் வீடுகள், அதாவது கத்தோலிக்கர். அப்படிப்பட்ட வீட்டில் நாளைக்கு என்ன குழம்பு என்று முந்தின நாள் யாரும் பேசுவதில்லை. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். சாயங்காலம் வள்ளத்தில் போவார், காலையில் வருவார். அவர் கொண்டுவந்து போடுவதுதான் குழம்பு. நகரை வந்தால் நகரை, காரல் வந்தால் காரல். ஒன்றும் வராத நாளில் ஒரு வெங்காயத்தையும் இரண்டு மிளகாயையும் வதக்கிப் புளியைக் கரைத்து ஊற்றினால் முடிந்தது. கொண்டைக்கடலை அப்படி இல்லை. அதை முந்தின நாளே ஊறப்போட வேண்டும். வள்ளம் கடலில் இருக்கும்போது வீட்டில் கொண்டைக்கடலையை ஊறப்போட்டால், போனவன் வெறுங்கையோடு வருவான் என்று நாமே முடிவு கட்டிவிட்டதாக அர்த்தம். அதனால் அம்மா ஊறப்போட மாட்டாள். வள்ளம் கரையில் கிடந்தால் மட்டும் ஊறலாம்.

வருடத்தில் அது நிச்சயமாக ஊறுகிற நாள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வருகிற வியாழன்கள். மறுநாள் கோயிலில் சிலுவைப்பாதை செபம் என்பதால் அன்று சாயங்காலம் அய்யா தொழிலுக்குப் போவதில்லை. வெள்ளியன்று இறைச்சி சாப்பிடக் கூடாது என்பதுதான் கோயில் சொல்லும் ஒழுங்கு. மீனுக்குத் தடையே கிடையாது. அதைச் சொல்லி நான் ஒருமுறை அம்மாவிடம் சண்டை பிடித்தேன். அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிராமல் சொன்னாள்: "எறச்சிய நாம என்னைக்குத் தின்னோம், இன்னைக்கு விடுறதுக்கு? விடுறதா இருந்தா மீனத்தான் விடணும். இல்லாட்டி ஆண்டவர ஏமாத்துன மாதிரி."

விட்டாளே தவிர, நாக்கை அவளால் விட முடியவில்லை. மீன் குழம்புக்கு அரைக்கிற அதே மசாலாவைத்தான் இதற்கும் அரைப்பாள். மல்லி, வற்றல், சோம்பு, தேங்காய். அதே புளி. உருளைக்கிழங்கை மீன் துண்டு அளவுக்குப் பெரிதாக வெட்டிப் போடுவாள். அய்யா பழக்கதோஷத்தில் அகப்பையை அடிவரை விட்டு மீனின் தலைக்கண்டத்தைத் தேடுவார். உருளைக்கிழங்கு வந்தால் ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டுக்கொள்வார். அதுதான் எங்கள் வீட்டுத் தவம்.

நான் இப்போது இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் வேலை. கேரர் என்று பெயர். எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுப்பு மாட்டுவது, ஊட்டிவிடுவது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்தால் என் இடுப்பு என்னோடு பேசாது. வந்த முதல் வருடத் தவக்காலத்தில், ஒரு வெள்ளி மதியம், பிரிஜிட் அம்மாளின் மேஜையில் பொரித்த மீன் வந்து உட்கார்ந்திருந்தது. பிரிஜிட்டுக்கு எண்பத்தெட்டு வயது, அயர்லாந்துக்காரர். தலையணைக்கு அடியில் செபமாலை வைத்துத் தூங்குகிறவர். பாவம், சமையலறைக்காரர்களுக்கு என்ன தெரியும், இந்தக் கிழவியின் விரதத்தைக் கெடுக்கப் பார்க்கிறார்களே என்று எனக்குப் பதறிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைத்துவிட்டு, மசித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் கொண்டுவந்து வைத்தேன்.

"என் மீன் எங்கே?" என்றார் பிரிஜிட்.

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன், காதருகே குனிந்து.

"வெள்ளிக்கிழமை என்று எனக்கும் தெரியும். என் மீன் எங்கே?"

"தவக்காலம்" என்றேன்.

"அதனால்தான் கேட்கிறேன்" என்று முள்கரண்டியை மேஜையில் தட்ட ஆரம்பித்தார். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். ஒருவர் தட்டிலிருந்து சாப்பாட்டை எடுப்பது இங்கே பெரிய குற்றம். அறைக்குக் கூப்பிட்டு மெதுவான குரலில் விளக்கி, என் ஃபைலில் ஒரு வரி எழுதிவைத்தார். இந்த ஊரில் யாரும் கத்துவதில்லை, எழுதிவைத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை என்றால் இங்கே வேதக்காரர் வீட்டில் மீன்தான் சாப்பிட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் தலைசீவிவிடும்போது பிரிஜிட்டிடம் எங்கள் ஊர் வழக்கத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு மீன் பிடிக்குமா?" என்றார். உயிர் என்றேன். "எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. எண்பது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் தின்றுகொண்டிருக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் தட்டை நான் தொடவில்லை.

என் வீட்டுக்காரர் அந்தோணி இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார். பன்னிரண்டு வயதில் வள்ளத்தில் ஏறியவருக்கு இந்த ஊரில் கிடைத்த வேலையும் மீன் வேலைதான். ஆலையில் சால்மன் வரும், தலையில்லாமல், குடலில்லாமல், பெல்ட்டில் வரிசையாக. இடுக்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு சதைக்குள் இருக்கும் முள்ளைப் பிடுங்க வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை முள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் கடல். ஒருநாள்கூட அவர் அந்தப் பக்கம் போனதில்லை. "பாத்து என்ன செய்ய?" என்பார்.

இங்கே வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். அதற்கும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைதான் காரணம். கல்யாணமாகி மூன்றாம் மாதம், அந்தோணி தொழிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், மறுநாள் சுண்டல் செய்யலாம் என்று ஏதோ நினைப்பில் ஒரு கை அள்ளி ஊறப்போட்டுவிட்டேன். பாம்பனில் கற்ற பாடம் தங்கச்சிமடத்துக்கு வந்ததும் மறந்துபோனது. மாமியார் அடுப்படிக்கு வந்து பார்த்தார். "ஆம்பள கடலுக்குப் போயிருக்கையில இத ஊறப்போட்டது யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி. கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டிவிட்டார். மறுநாள் காலையில் வள்ளம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எஞ்சின் நின்றுபோய் எங்கள் ஊருக்கு வடக்கே கடலில் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வேறொரு வள்ளத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து வந்து இறங்கியவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கடலை ஊறுனதுக்கும் எஞ்சின் நின்னதுக்கும் என்னத்தா சம்பந்தம்? அத்தனையும் பேய்க்கத." வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அந்த இரண்டு நாளையும் நான் இன்னும் முழுங்கி முடிக்கவில்லை. நாளைக்கு என்ன என்று தெரிகிற ஒரு வாழ்க்கை வேண்டும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது. மகள் அனிலா பிறந்து வளர்ந்த பிறகு, படித்து, பரீட்சை எழுதி, அந்த வாழ்க்கையைத் தேடிப் பிடித்து மூன்று பேருமாக வந்து சேர்ந்தோம். இங்கே எல்லாம் தெரியும். அடுத்த மாதம் எந்தெந்த நாள் எனக்கு ஷிப்ட் என்று ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும். மழை எத்தனை மணிக்கு வரும் என்பதைப் போன் சொல்லிவிடும். காய்ந்த கொண்டைக்கடலையை எந்த நாளிலும் பயமில்லாமல் ஊறப்போட்டேன். அந்தோணி எங்கே போய்விடப் போகிறார், முள் பிடுங்கத்தானே.

போன வருடக் கடைசியிலிருந்து அவர் மீன் சாப்பிடுவதை நிறுத்தினார். "மீன் வேணாம், கடலையும் கெழங்கும் வையி" என்றார் ஒரு செவ்வாய்க்கிழமை. அடுத்து ஞாயிற்றுக்கிழமையும் அதையே கேட்டார். நான் உடம்பு அலுப்பு என்று நினைத்து வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேலை மிச்சம் என்றுகூட நினைத்தேன், அந்த வெட்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த மார்ச்சில், தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி, சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். அனிலா தன் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டாள். அம்மா அரைத்த அதே மசாலா, அதே பெரிய துண்டுக் கிழங்கு. அந்தோணி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி. தவக்கால வெள்ளி."

"எனக்கு எல்லா நாளும் வெள்ளியாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டிருந்தார். "ஈஸ்டர் முடிஞ்சு நான் ஊருக்குப் போறேன்."

"எத்தன நாளைக்கு?"

"அண்ணன் வள்ளத்துல ஒரு ஆளு கொறையுது."

நான் கேட்டதற்கு அதுதான் பதில். "அப்ப நாங்க?" என்றேன்.

"அனிலா படிக்கட்டும். நல்லாப் படிக்கிறா. நீயும் இரு. நான் மட்டும் போறேன்."

"இங்கன உங்களுக்கு என்ன கொற வச்சேன்?"

"நீ ஒரு கொறையும் வைக்கல. நாளைக்கு என்ன நடக்கும்னு இன்னைக்கே தெரியுது. அது எனக்கு ஏலல."

"அது தெரியாம இருக்க எனக்கு ஏலல" என்றேன்.

சண்டை அவ்வளவுதான். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. நான் எதற்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்தேனோ, அது இல்லாமல் அவரால் மூச்சுவிட முடியவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று பூசைக்குப் போய்வந்து ஆட்டுக்கறி சாப்பிட்டோம். அந்த வாரமே விமானம் ஏறினார். அனிலா கையசைத்துவிட்டு, திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது தினமும் போன் வருகிறது. நேற்று முரல் மீன் நல்ல பாடு, முந்தாநாள் வெறும் வலை. குரலில் பழைய சிரிப்பு வந்திருக்கிறது. அதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. அவர் கடலில் இருக்கும் நேரமெல்லாம் நான் யாருக்காவது கஞ்சி ஊட்டிக்கொண்டும், ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டும் மனதுக்குள் மணியை எண்ணுகிறேன். ஊர் நேரம் நாலரை மணி கூடுதல். அங்கே விடிந்திருக்கும், வந்திருப்பார், இன்னும் போனைக் காணோமே என்று. பிரிஜிட் ஒருநாள் என் முகத்தைப் பார்த்து, "உன் மீன்காரர் வந்துவிட்டாரா?" என்று கேட்டார். அவருக்குப் பெயர்கள் நிற்பதில்லை, இது மட்டும் நிற்கிறது.

இன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது அனிலா, "அம்மா, அப்பா கறி செஞ்சு வைங்க" என்றாள். உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் போட்ட குழம்புக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. அதனால்தான் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மசாலா வதங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"வள்ளத்த எறக்கிட்டோம். இன்னும் கால் மணி நேரத்துல போயிருவோம்" என்றார் அந்தோணி. அவர் குரலைவிடக் காற்றுச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"காத்து கூடவா இருக்கு?"

"கொஞ்சம் இருக்கு. பெரிசா ஒண்ணுமில்ல. புள்ள எங்க?"

"பள்ளிக்கூடத்துல."

"என்ன கொழம்பு?"

"கடலையும் கெழங்கும்."

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் நிமிஷக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஊறப்போட்டியா?" என்றார்.

பேய்க்கதை என்று சிரித்த மனிதர். "இல்ல. டின்னு" என்றேன்.

"அப்பச் சரி. வாரேன்" என்று வைத்துவிட்டார்.

வளையத்தை இழுத்தேன். யாரோ, எங்கேயோ ஒரு ஆலையில், யார் கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்காமல் ஊறப்போட்டது. அந்தப் பாவம் என் வீட்டைச் சேராது. கழுவிக் குழம்பில் கொட்டி, தட்டுப் போட்டு மூடினேன். கறுப்புக் கொண்டைக்கடலைப் பை அலமாரியிலேயே இருக்கிறது. ஊரில் என்றைக்காவது வள்ளம் ஒருநாள் முழுக்கக் கரையில் கிடக்கும் என்று அவர் சொன்னால், அன்றைக்கு நூலை அவிழ்ப்பேன். வாடகை கொடுத்து அடுப்பு எரிவது இங்கேதான். ஆனால் அதில் எதை வேகவைக்கலாம் என்று இப்போதும் தங்கச்சிமடத்துக் கரையில்தான் முடிவாகிறது.