பங்களாக் கமுகு

எங்கள் வாசலில் இரண்டு அலங்காரப் பனைகள் தொட்டியில் நிற்கின்றன. அவிசாவளையில் வாங்கியவை. வெயில் அதிகம் பட்டால் இலை கருகும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், செல்லம் அதிகம். இன்று காலை பழுத்த மட்டை ஒன்றை வெட்டலாமென்று கத்தியை எடுத்தேன். முதல் வெட்டிலேயே பச்சை வாடை வந்தது. "யாருக்கு?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அம்மா இறந்து எவ்வளவோ காலம். கத்தியைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், அவர் டவுனில் பிறந்தவர்.

நான் பிறந்தது தெஹியோவிட்ட பக்கம், ஒரு றப்பர் தோட்டத்தில். அப்பாவுக்குத் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. அங்கே பிடுங்கி வீசிய இதே ஜாதிக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்து வாசலில் நட்டார். பங்களாவிலிருந்து வந்ததால் அது எங்களுக்குப் பங்களாக் கமுகு. அரிசி கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல் எல்லாம் அதற்குத்தான். அம்மா அதைக் கவனித்ததில் பாதி எங்களைக் கவனித்திருந்தால் நானும் அக்காவும் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்போம்.

மரம் தழைத்ததும் சாவு வீட்டுக்காரர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். பந்தல்காலில் கட்ட அந்த மட்டைதான் எடுப்பாக இருக்கும். கத்தியோடு யார் வந்தாலும் அம்மா முதலில் கேட்பது, "யாருக்கு?" பெயரைச் சொன்னதும் கத்தியை வாங்கித் தானே வெட்டிக் கொடுப்பாள்.

"குருத்துல மட்டும் படக்கூடாதுங்க. அது போனா மரமே போச்சு," என்பாள்.

அப்பா காலமான பிறகு அந்த மழை வந்தது. மேல் லயத்தின்மீது மலை சரிந்தது. அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது அங்கேதான். மச்சான் அன்று கொழும்பில் வேலையில் இருந்தார். மண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் மட்டை போனது. மரம் மொட்டையாகிக்கொண்டே வந்தது. அக்கா மட்டும் கிடைக்கவில்லை. தோண்டியவர்களில் ஒருவர் வந்து, "அம்மே, தென் எத்தி," என்றார். அம்மா, இனிப் போதும் என்று சிங்களத்தில் அர்த்தம்; அத்தோடு தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் மச்சான் கத்தியோடு வந்து மரத்தடியில் நின்றார். அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டாள்.

"யாருக்கு?"

"ஒங்க மகளுக்குத்தாங்க, அத்தே."

"எம் மகள நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"பாக்காம எப்புடி வெட்டுவ?"

மச்சான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அம்மா அழவில்லை. எனக்கு அப்போது அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதன்பிறகு அந்த மரத்தில் யாரையும் கைவைக்க விடவில்லை.

ஆபத்தான இடமென்று எங்களை அங்கிருந்து கிளப்பினார்கள். லயத்தை இடித்த மெசின் மரத்தையும் தள்ளிவிட்டது. அம்மா டவுன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் பந்தலில் கட்டியது பிளாஸ்டிக் ஓலை.

"ஒங்க அக்கா படத்தையும் பக்கத்துல வச்சிருவோமா, புள்ள? ஒரே காரியமா முடிஞ்சிரும்," என்று மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"வேணாம் மச்சான்," என்றேன்.

இப்போது மச்சானும் வேறு கல்யாணம் செய்துகொண்டு எம்பிலிப்பிட்டிய பக்கம் போய்விட்டார். நல்லதுதான், அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்? அக்கா வருவாளென்று பார்த்திருக்க நான் ஒருத்திதான் மிச்சம்.