பொட்டிமேட்டுக்குப் பெயர் வந்த கதை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் பாதித் தோட்டம் அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்த வருகிறது. அந்தக் கல்லில் ஒன்றும் இல்லை. வெறும் கல். எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்தச் சாமி பிறந்தபோது நான் பக்கத்தில்தான் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் இருக்கிறது. மத்தியானத்தில் பறித்த கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு வருவோம். மடுவம் என்றால் தகரக் கூரை போட்ட கொட்டகை, வேறொன்றும் இல்லை. கொழுந்தை ஏற்றும் லொறி ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அது வரும்வரை பெண்கள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். யாராவது ஒரு சொல்லையோ ஒரு இடத்தின் பெயரையோ எடுத்துப் போட வேண்டும். அது எப்படி வந்தது என்று ஒருத்தி கதை கட்ட வேண்டும். சொல்பவள் சிரிக்கக் கூடாது. கேட்பவர்கள் மெய்யா பொய்யா என்று கேட்கவே கூடாது. யார் முதலில் சிரிக்கிறாளோ அவள் கதை சொன்னவளின் கொழுந்துச் சாக்கை லொறியில் தூக்கிப் போட வேண்டும்.

இதில் என் நாத்தனாரை யாரும் ஜெயித்ததில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா அவள். முகத்தைக் கோயில் உண்டியல் மாதிரி வைத்துக்கொண்டு வாய் கூசாமல் பொய் சொல்வாள். எனக்குப் பொய் சொல்ல வராது, பிடிக்கவும் பிடிக்காது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் நான் கதை சொன்னதே இல்லை. சாக்குத்தான் தூக்கியிருக்கிறேன்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தைப் பெரட்டு என்கிறோமே, அதற்கு அவள் சொன்ன கதை இது.

"முந்தி ஒரு தொரை இருந்தாரு. தொரைசானிக்கு ரொட்டி சுட வராது. ஒரு பக்கம் கருகிப் போயிரும். தொரை வெடியக்காலையில பங்களா வாசல்ல நின்னுக்கிட்டு, பெரட்டு, பெரட்டுன்னு கத்துவாரு. நம்ம ஆளுங்க, வேலைக்குத்தான் கூப்புடுறாருன்னு ஓடிப் போயி வரிசையா நின்னுட்டாங்க. அன்னைக்கு நின்னதுதான். இன்னும் நிக்கிறோம்."

"ரொட்டி என்னாச்சு அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கருகுனத நமக்குக் குடுத்துட்டாங்க. வேற என்னத்தத் தின்னுக்கிட்டு இருக்கோம்?"

கண்டாக்கு ஐயா என்று நாங்கள் கூப்பிடுகிற, மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தருக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். முதல்முதலாக வந்த ஐயாவுக்குத் தீராத சளியாம். யாராவது குந்தியிருப்பதைக் கண்டால் தொண்டையில் 'க்கு' என்று ஒரு சத்தம் வருமாம். கண்டா, க்கு. அவள் சொல்லி முடிக்கவும் எங்கள் ஐயா கொட்டகைக்குப் பின்னால் நின்று இருமவும் சரியாக இருந்தது. அன்றைக்கும் சாக்குத் தூக்கியது நான்தான்.

அப்போதுதான் உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணம் ஆகி வந்திருந்தாள். சின்ன வயது. வாய் திறக்க மாட்டாள். கையில் நீளமாக ஒரு காயம் இருந்தது. கேட்டதற்குத் தேயிலைக் குச்சி கிழித்துவிட்டது என்றாள். ஒருநாள் அவள்தான், எதிரே, உச்சியில் ஒரு கல்லோடு தெரிந்த மேட்டைக் காட்டி, "அதுக்கு ஏன் பொட்டிமேடுன்னு பேரு?" என்று கேட்டாள். உண்மையில் அது யாருக்கும் தெரியாது. உடைந்த தேயிலைப் பெட்டிகளை அந்தக் காலத்தில் அங்கே கொட்டியிருப்பார்கள் என்பது என் நினைப்பு.

என் நாத்தனார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொடங்கினாள்.

"ஒருத்தி கல்யாணம் கட்டி வந்தா. மொத நாளே புருஷன் விட்ட கொறட்டையில லயத்துத் தகரம் எல்லாம் ஆடிப் போச்சு. விடிஞ்சதும் தகரப் பொட்டியத் தூக்கித் தலையில வச்சா, கெளம்பிட்டா. மேடு ஏறவும் மூச்சு வாங்கிருச்சு. பொட்டிய எறக்கி அது மேல குந்திட்டா. புருஷன் வந்து கூப்புட்டான், எந்திரிக்கல. மாமியா வந்து கூப்புட்டுச்சு, எந்திரிக்கல. தொரை குதிரையில வந்தாரு, குதிரைதான் பயந்து ஓடுச்சு. மழை பேஞ்சு பனி பேஞ்சு அப்பிடியே கல்லாப் போயிட்டா. இப்பயும் குந்தியிருக்கா. பக்கத்துல எவனாச்சும் கொறட்டை விட்டாத்தான் எந்திரிப்பா."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உடப்புசல்லாவைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கண் நிறைந்து நின்றது.

"யாரும் அவள திரும்பக் கூட்டிக்கிட்டுப் போகலையா அக்கா?"

"எப்பிடிப் போறது? கல்லத் தூக்க முடியுமா?"

விளையாட்டின் விதி அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விதி தெரிந்தவர்களோ, இது பொய் என்று எடுத்துச் சொல்ல முடியாது. லொறி வந்தது, போய்விட்டோம். இப்படியும் ஒரு மக்குப் பிள்ளையா என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பொட்டிமேட்டுக் கல்லில் குங்குமம் இருந்தது. பிறகு செவ்வந்திப்பூ வந்தது. பக்கத்து வாகை மரத்தில் வளையல் கட்டியிருந்தார்கள். புருஷனோடு சண்டை போட்டவர்கள் பால் ஊற்றினார்கள். பொட்டியம்மா என்று பெயரும் வைத்தாயிற்று. எனக்குத் தலை சுற்றியது. மடுவத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களே செம்பைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்கள்.

"ஏய், நீ அன்னைக்கு சிரிச்சியே?" என்று ஒருத்தியைப் பிடித்துக் கேட்டேன்.

"அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கப் போறேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். போனால், மினுக்குத் தாள் ஒட்டிய அட்டையில் 'பொட்டிமேட்டின் வரலாறு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. குறட்டை இல்லை. அதற்குப் பதிலாக வெள்ளைக்காரனின் கொடுமை என்று போட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சரிடம் போய், இது சுத்தப் பொய், கட்டிய ஆளை எனக்குத் தெரியும் என்றேன்.

"இருக்கட்டும் அக்கா. சனம் வாயால சொல்லி வாறதுதானே. பிள்ளையள் நல்லா எழுதியிருக்கினம்" என்றார்.

படித்தவரிடமும் பேசிப் பலன் இல்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊர் எதையோ கும்பிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

அந்த வருஷத்து அடைமழையில், லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டின் பின்சுவர் வெடித்தது. அதில் எங்கள் காம்பரா, அதாவது எங்கள் அறை, கடைசியில், பள்ளத்தை ஒட்டி இருந்தது. வெடிப்புக்குள் என் கை முழுதாக நுழைந்தது. உத்தியோகத்தர்கள் வந்து பார்த்து, 'மெஹே இன்ன பே' என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். இங்கே இருக்க முடியாதாம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பெண் பிள்ளைகள். எங்கே போவது? மழை பெய்தால் நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி விழித்திருந்தோம். கடைசியில் வீடு கட்ட ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி கொடுத்தார்கள். எங்கே கொடுத்தார்கள்? பொட்டிமேட்டில்.

கயிறு பிடித்து முளை அடித்த மறுநாளே தோட்டம் பொங்கியது. கோயிலில் கூட்டம் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் தலைவர் தன்மையாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, வீடு வேணாம்னு சொல்லல. அம்மா குந்தியிருக்குற எடத்துல அடுப்பும் கக்கூசும் கட்டுனா தோட்டத்துக்கு ஆகுமா?"

"அப்ப வேற எடம் குடுங்க."

"இப்ப வேற எடம் இல்லையே. அடுத்த திட்டம் வரும்."

"அது வர்ற வரைக்கும் செவுரு நிக்குமா தலைவரே?"

நான் என் நாத்தனாரைக் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டேன்.

"இவங்களையே கேளுங்க. கதையக் கட்டுனது இவங்க. மடுவத்துல, லொறி வர்ற வரைக்கும். சொல்லுங்க அண்ணி."

அவள் தலையைக் குனிந்தபடி நின்றாள். சொந்தத் தம்பியின் வீடு. இரண்டு மருமகப் பிள்ளைகளின் உயிர். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான் பொய்யாத்தான் சொன்னேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை. "அப்புறம் நானே போயி ஒரு நாளு வெளக்குப் போட்டேன். கொழும்புக்குப் போன எங்க வீட்டுக்காரரு வரணும்னு. அவரு மெய்யா வந்துட்டாரே."

நான் விடவில்லை.

"அவரு வேல செஞ்ச கொழும்புக் கடைய மூடிட்டாங்க அண்ணி. அதான் வந்தாரு."

"அந்தக் கடைய மூட வச்சது யாரு?"

கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் வீட்டுக்காரரின் கையும் கன்னத்துக்குப் போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு நிதானம் இல்லை.

"சரி, அவ இருக்கான்னே வச்சுக்குவோம். எதுக்கு மேட்டுல குந்தியிருக்கா? போறதுக்கு வீடு இல்ல, அதான் குந்தியிருக்கா. இத்தன காலமா மழையில நனையிறா, பனியில வெறைக்கிறா. பூவக் கொண்டு போனீங்க, பாலக் கொண்டு போனீங்க. ஒரு ஆளாச்சும் ஒரு கூரை போட்டீங்களா? வெக்கமா இல்ல?"

கதை பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வாயில் 'இத்தன காலமா' என்றுதான் வந்தது. நக்கலாகத்தான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார்.

"அதுவும் சரிதானே" என்றார் தலைவர்.

அப்படித்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது. அம்மாவுக்குத் துணையாக அங்கே ஒரு குடும்பம் இருக்கலாம் என்று தீர்மானம் ஆனது. கல்லை நகர்த்தக் கூடாது, வீட்டு வாசல் கல்லைப் பார்த்து இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை விளக்கு நாங்கள் போட வேண்டும். மண் வெட்டிக் கொடுக்கத் தோட்டமே வந்தது. என் நாத்தனார் கல் சுமந்தாள். நாங்கள் குடிவந்த மாதத்திலேயே பழைய காம்பராவின் சுவர் பள்ளத்தில் விழுந்தது. அதற்கும் ஊர் அம்மாவைத்தான் கும்பிட்டது. என்னை யாரும் நினைக்கவில்லை.

ஒரு மழை நாள் மத்தியானம் கதவைத் திறந்தால், கல்லின் மேல் உடப்புசல்லாவைப் பெண் உட்கார்ந்திருந்தாள். சாமி என்று கும்பிடுகிற கல்லின் மேலேயே. மடியில் ஒரு துணிப்பை. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"இங்க வந்து குந்திட்டா யாரும் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போக முடியாதுதானே அக்கா?" என்றாள்.

கையில் இருந்த அந்தப் பழைய காயம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தேயிலைக் குச்சி அப்படி நேராகக் கிழிக்காது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது இவள் போக ஓர் இடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை உள்ளே கூட்டிப்போய்த் துண்டு கொடுத்தேன். மகளை அனுப்பி நாத்தனாரை வரச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் புருஷன் வந்தான். குடித்திருந்தான். வாசலில் நின்று, "என் பொண்டாட்டிய வெளிய அனுப்புங்க" என்றான். உள்ளே அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் என் நாத்தனார் குடையைச் சுருக்கியபடி மேடு ஏறி வந்துவிட்டாள். வெற்றிலையை ஒதுக்கினாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"கூட்டிக்கிட்டுப் போ தம்பி. யாரு வேணாங்கிறா? முந்தி ஒருத்தன் இப்பிடித்தான் இந்த மேட்டுல இருந்து பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போனான்."

"போயி?"

"மூணாம் நாளு பேச்சு நின்னு போச்சு. அடிச்ச கை அப்பிடியே மடங்கிப் போச்சு. இப்ப ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு நிக்கிறான். நீ அந்தப் பக்கம் போனா ஒரு பிளேன்டி வாங்கிக் குடு. முழுங்கத்தான் மாட்டான்."

அவன் அவளை நம்பவில்லை. அவள் பொய்க்காரி என்பது தோட்டத்துக்கே தெரியும். என் பக்கம் திரும்பினான். நான் பொய் பேச மாட்டேன் என்பதும் தோட்டத்துக்கே தெரியும்.

"மெய்யாவாக்கா?"

"நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

அவன் கல்லைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான். பிறகு மழையிலேயே இறங்கிப் போனான். அவன் முடக்கில் மறைகிறவரை நாங்கள் இருவரும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நின்றோம்.

அந்தப் பெண் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவன் அடிவாரத்துப் பாதையோடு போகிறான், மேடு ஏறுவதில்லை. மறுநாள் மடுவத்தில் லொறி வந்ததும், யாரும் சொல்லாமலே என் நாத்தனாரின் கொழுந்துச் சாக்கை நான் தூக்கிப் போட்டேன்.

"நீ சிரிக்கலையே" என்றாள்.

"வீட்டுக்குப் போயி சிரிச்சேன்" என்றேன். அதுவும் பொய்தான்.