ரத்தம் குடுத்திட்டியா?

குழாயடியில் வாளிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு மயிலம்மாள் கேட்கிறாள்: "ரத்தம் குடுத்திட்டியா?"

சாப்பிட்டியா என்று கேட்கிற அதே குரல். பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். "வெக்கப்படாத. வெக்கப்பட்டா சீக்கு போயிருமா? நாளைக்கு ரப்பர்ப் பால எட போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வா. ஒம் புருசனையும் கையோட இழுத்துக்கிட்டு வா லா." பின்னால் நிற்கிற பெண்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருத்தி காறித் துப்புகிறாள். மயிலம்மாள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்கு நடக்கிறாள். அங்கேயும் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள்.

சிரம்பானுக்குத் தெற்கே, சுங்கை காடுட் தாண்டி உள்ளே போகிற கல்லுமலைத் தோட்டத்தில் அவள் ஆஸ்பத்திரி ஆயா. ஒடிசலான உடம்பு, நீளக் கைகள். ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைச் சேலையை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தூக்கித்தான் கட்டுவாள். அவள் வருவதற்கு முன்னால் டெட்டால் வாசனை வரும். இருந்தாலும், பாலுக்காகப் பட்டையைச் சீவி மரம் வெட்டிய காலத்து ரப்பர்ப் பால் கறை இன்னும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

அவளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. தோட்டத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆணா பெண்ணா என்றும் கேட்க மாட்டாள். காலைத் தூக்கி, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பாள். தோல் உரியாமல் நின்றால்தான், "சரி, இப்ப காட்டு மூஞ்சிய" என்பாள்.

அவளுடைய முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கரைந்துபோனது. அடுத்தது மாதம் நிறைந்து, செத்தே பிறந்தது. தொட்ட இடமெல்லாம் வெந்த கிழங்குபோல் தோல் கழன்று கையோடு வந்ததாம். மூன்றாவது உயிரோடு வந்தது. மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் கொப்புளித்து, பேர் வைப்பதற்கு முன்னால் போய்விட்டது. புருஷன் சன்னாசி ஒவ்வொரு முறையும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரக்காட்டு ஓரத்துக்குப் போய்க் குழி வெட்டினான். நாத்தனார்க்காரி அவளைப் "பிள்ளைமுழுங்கி" என்றாள். வேப்பிலை அடித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மயிலம்மாள் தீ மிதித்தாள்.

நாலாவது வயிற்றில் இருந்தபோதுதான் அவசரகாலக் கெடுபிடி தோட்டத்துக்குள் வந்தது. காட்டுக்காரர்கள் என்று சொல்லப்பட்ட கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் லோரியை எரித்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவரைச் சுட்டார்கள். அதன்பிறகு அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் பிரித்து, ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்து, சுற்றி முள்வேலி போட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது கேட்டில் பெண்களைத் தனியாக நிறுத்தி மடியை உதறச் சொன்னார்கள், காட்டுக்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று. சாயங்காலம் ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டால் வேலிப் பக்கம் நிழல் தெரியக்கூடாது. சுடுவார்கள்.

அந்த வேலிக்குள் வந்த ஒரே நல்லது ஆஸ்பத்திரி. அதற்கு வைத்தியம் பார்க்கும் டிரசராக வந்தவர் விசுவலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போடுகிறவர். மயிலம்மாளின் கதையை அவர் ஒருமுறை கேட்டார். மூன்று பிள்ளைகளின் சாவையும் வரிசையாகச் சொல்லச் சொல்லி இன்னொரு முறையும் கேட்டார். அப்புறம் ரத்தம் எடுத்துச் சிரம்பானுக்கு அனுப்பினார். போலீஸ் காவலோடு போகும் லோரியில் அது போனது. முடிவு வந்த அன்றைக்கு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"இஞ்ச பாரும் பிள்ளை, இது பேயுமில்லை, சாபமுமில்லை. மேகநோய். ரத்தத்திலை இருக்குது, பிள்ளைக்கும் போகுது. இது உம்மடை பிழையில்லை. உமக்கு வந்தது புருஷனிட்டை இருந்து."

மேகம் என்றால் தாசி வீட்டு நோய் என்றுதான் அவளுக்குத் தெரியும். தீ மிதித்த கால் அவளுடையது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளையும் போயிருமாங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

"முந்தியெண்டால் வருஷக்கணக்கா ஊசி போடவேணும், அதுவும் பாதி நஞ்சு. இப்ப புது மருந்து வந்திருக்குது, பெனிசிலின். யுத்தத்துக்குப் பிறகுதான் எங்களுக்குக் கிடைக்குது. பூஞ்சணத்திலை இருந்து எடுக்கிறவை. நாள் தவறாமல் வந்து போட்டால் பிள்ளை தப்பும். ஆனால் உம்மடை மனுசனும் போடவேணும். அவர் போடாட்டி, திரும்பவும் உமக்குத்தான் வரும்."

ஊசி போட்ட இடம் கல்லாய் வீங்கும். அந்த வலியோடு விடிகாலையில் மரம் வெட்டிவிட்டு, பாலை ஊற்றிவிட்டு, மறுபடியும் வரிசையில் வந்து நிற்பாள். அவளுக்கு வலி பெரிதாக இல்லை. சன்னாசியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிதாக இருந்தது.

சன்னாசி பால் லோரியில் கிளீனர். கட்டுமஸ்தான ஆள். சிரம்பான் டவுனுக்கும் ராசா டவுனுக்கும் வாரத்தில் பல நாள் போய் வருகிறவன். கல்யாணத்துக்கு முந்தியே டவுன் பழக்கம் உண்டு. அவள் மெதுவாக, சோறு போட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடி சொன்னாள். அவன் தட்டை எறிந்தான்.

"என்னைய மேகக்காரன்ங்கிறியா? கல்லு மாதிரி இருக்கேன். எனக்கு என்னடி நோவு?" அடித்தான். வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு முதுகைக் கொடுத்தாள் மயிலம்மாள். அவன் களைத்து உட்கார்ந்ததும், பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் இருந்த ராக்கம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ராக்கம்மா கைம்பெண், யாருக்கும் பயப்படாதவள். "இங்கியே கெட, நா பாத்துக்கிறேன்" என்றாள்.

வேலிக்குள் எதுவும் ரகசியமாக இருக்காது. மயிலம்மாள் புருஷனோடு படுப்பதில்லை என்பது மறுநாள் பால் ஸ்டோர்வரை தெரிந்துவிட்டது. சன்னாசி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியிடம் போய் முறையிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் முன்னால் கூட்டம் கூடியது.

"பொம்பள புருசன் வீட்டுல இருக்கணும். அதான மொறை?" என்றார் நல்லசாமி.

"இருக்கேங்க மண்டோரையா. அவர ஒருக்கா ஊசி போட்டுக்கச் சொல்லுங்க. அன்னைக்கே போயிர்றேன்."

"எதுக்கு ஊசி?"

மயிலம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். பெண்கள் கண்ணாலேயே வேண்டாம் என்றார்கள். அவள் நோயின் பேரைச் சொன்னாள். கோயில் வாசலில் அந்தப் பேரை எந்தப் பெண்ணும் சொன்னதில்லை.

சன்னாசி எழுந்துவிட்டான். முகம் கறுத்துப்போயிருந்தது. "சீக்கு எனக்கில்ல. செத்துப் பொறந்ததெல்லாம் எனக்குப் பொறந்ததே இல்ல!"

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மயிலம்மாள் அழவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள்: "மூணுக்கும் குழி வெட்டுனது நீங்கதான? வெட்டும்போது யாரு பிள்ளைன்னு கேக்கலியே."

நல்லசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊசி போடும்வரை அவள் ராக்கம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தெரியாதவர்போல. வந்தவர்களில் நல்லசாமியும் ஒருவர். சன்னாசி வரவில்லை. கூட்டத்தில் அவன் சொன்ன வார்த்தை அவனையே வேலியாகச் சுற்றிக்கொண்டது. இனி ஊசிக்கு வந்தால் பிள்ளைகள் அவனுடையவை என்று ஆகிவிடுமே.

நாலாவது பிள்ளை பெண். வீறிட்டு அழுதுகொண்டு வந்தாள். டிரசர் முகத்தைக் காட்டியபோது மயிலம்மாள் காலைத்தான் கேட்டாள். தேய்த்தாள். தோல் நின்றது. மயிலம்மாள் முதல்முறையாக அழுதது அப்போதுதான். குழந்தைக்குப் பஞ்சாலை என்று பேர் வைத்தாள். பேர் வைக்கும் அளவுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதையே நம்பமுடியாமல், வேலையிலிருந்து வரும்போது தூரத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவாளாம். கைக்குழந்தை எப்படி 'என்னா' என்று குரல் கொடுக்கும்? "அவளுக்கு இல்ல, எங் காதுக்கு" என்பாள்.

அதற்குப் பிறகுதான் டிரசர் அவளை ஆயாவாக எடுத்துக்கொண்டார். அவள் லயம் லயமாகப் போய்க் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அப்போதிருந்துதான். மருந்தைப் பற்றி அவள் பாஷையில் சொல்வாள்: "நனைஞ்ச ரொட்டியில பச்சையாப் பூக்குமே பூசணம், அதாட்டம் ஒண்ணுலேர்ந்து எடுக்கிறாங்களாம். நம்ம தூக்கிப் போடுறத வெள்ளக்காரன் ஊசியில ஏத்திட்டான்." கேட்கிறவள் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிரிக்காதவள் வீட்டுக்கு மறுநாளும் போவாள். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். போன மாதம் ஒருத்தி கதவைச் சாத்தினாள். நேற்று அவள் பிள்ளையை மரக்காட்டு ஓரத்தில் புதைத்தார்கள். மயிலம்மாள் அங்கேயும் போய் நின்றாள்.

சன்னாசியிடம் மாற்றம் மெல்ல வந்தது. லோரியில் பால் பீப்பாயைக் கட்ட மறந்தான். கயிறு பிடித்த கை நடுங்கியது. நாக்குக் குழறியது. சம்சுச் சாராயம் குடிக்கிறான் என்றார்கள். பிறகு பெரிய பேச்சுகள் பேசினான். துரையின் பங்களாவைத் தான் வாங்கிவிட்டதாகச் சொன்னான். சட்டையைக் கழற்றி வழியில் போகிறவனிடம் கொடுத்து, "வச்சுக்க, எங்கிட்ட ஆயிரம் இருக்கு" என்றான். தோட்டமே சிரித்தது. மயிலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இதைப் பற்றியும் டிரசர் முன்னமே அவளிடம் சொல்லியிருந்தார்.

ஒரு சாயங்காலம் சங்கு ஊதி முடிந்தபிறகு அவன் வேலியை நோக்கி நடந்தான். "எம் மரத்த எண்ணிட்டு வாறேன்" என்றானாம். காவல்காரன் மூன்று முறை கத்தினான். அப்புறம் சுட்டான். குண்டு தொடையைச் சிராய்த்துக்கொண்டு போனது. சன்னாசி புல்லில் உட்கார்ந்து, ரத்தத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ராக்கம்மா தடுத்தும் கேட்காமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, துப்பாக்கிக்கு நேரே நடந்துபோய் அவனைக் கூட்டி வந்தவள் மயிலம்மாள்.

"மூளைக்கு ஏறிட்டுது" என்றார் விசுவலிங்கம். "ஊசி போட்டால் இதுக்கு மேலை போகாமல் நிக்கலாம். போனது திரும்பி வராது, பிள்ளை."

இப்போது அவள் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். பாய் தனி. பஞ்சாலை ராக்கம்மா மடியில் வளர்கிறாள். அந்த ஆளிடம் ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்டால், "யாராச்சும் சோறு ஊட்டணும்ல" என்பாள். மேலே கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

இன்று காலை சன்னாசிக்கு முதல் ஊசி. பின்வாசல் வழியாக இல்லை, முன்வாசல் வழியாகத்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். டிரசர் மருந்தை உறிஞ்சுவதை அவன் பார்த்தான். குழந்தைபோல் உடம்பைக் குறுக்கிக்கொண்டான். சுற்றிலும் தேடி, வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"ஆயாம்மா…"

"என்னா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிப்புடாதீங்க."

டிரசரின் கை நின்றுவிட்டது. மயிலம்மாள் அவரைப் பார்த்துப் போடுங்கள் என்று தலையசைத்தாள். பிறகு, ஊசி கண்ணில் படாதபடி, அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.