ஸ்மூத்திங் பதினைந்து

எங்கள் ஆய்வகத்தில் அவரைச் சல்லடை அக்கா என்போம். நேரில் அக்கா மட்டும்தான். சல்லடையெல்லாம் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். மாஸ் ஸ்பெக் இயந்திரம் சிறுநீரில் உள்ள பொருட்களை எடை பார்த்து அனுப்ப, கணினித் திரையில் ஒவ்வொன்றும் தனக்குரிய நொடியில் ஒரு முகடாக எழும்பும். எது நிஜ முகடு, எது வெறும் இரைச்சல் என்று பிரிக்க மென்பொருளுக்கு எண்களைக் கொடுப்பதுதான் பதினாறு வருடமாக அக்காவின் வேலை. வீட்டிலும் அதே குணம். கணவர் பத்து வார்த்தை பேசினால் இரண்டைத்தான் எடுத்துக்கொள்வாராம்.

நான் வரவேற்பு ஜன்னலில் குப்பிகளை வாங்கிச் சீட்டு ஒட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம். நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

ஒரு பேருந்து நிறுவனம் தன் ஓட்டுநர்கள் போதை மருந்து எடுக்கிறார்களா என்று பார்க்க எங்களுக்குக் குப்பிகள் அனுப்பும். ஒருநாள் எங்கள் ஆய்வக மேலாளர் வந்தார். "படமெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி இருக்குன்னு பஸ் கம்பெனில சொல்றாங்கம்மா. கொஞ்சம் அழகா வரட்டும்."

மென்பொருளில் ஸ்மூத்திங் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எண்ணை ஏற்ற ஏற்ற, கோட்டின் மேடுபள்ளம் தேய்ந்துபோகும். மூன்று என்று இருந்ததை அக்கா ஐந்தாக்கினார், ஒன்பதாக்கினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா, சும்மா அம்சமா வரும்," என்றேன். பதினைந்தில் வந்து நின்றது. சரிபார்க்க வைத்திருந்த தூய போதை மருந்துக் கரைசலை அக்கா ஓட்டிப் பார்த்தார். பிசகில்லாமல் வந்தது. வராமல் என்ன செய்யும்? அதில் இருப்பது ஒரே முகடு, எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றுதான். அந்தப் பாழாய்ப்போன யோசனை எங்களில் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் தணிக்கை வந்தது. இயந்திரம் அளந்தது கோப்பில் அப்படியே இருக்கும். எண்ணை மாற்றினால் கணக்கு மட்டும்தான் மாறும். அதனால் அக்கா பழைய கோப்புகளை மூன்றிலும் பதினைந்திலும் ஓட்டி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஓட்டுநரின் கோப்பில் கை நின்றுவிட்டது.

"இங்க வாடா," என்றார்.

பதினைந்தில் ஒரே குன்று, சரியாகப் போதை மருந்து வரவேண்டிய நொடியில். அதை வைத்துத்தான் அவர் போதை மருந்து எடுத்தவர் என்று எங்கள் அறிக்கை போயிருந்தது. மூன்றில் இரண்டு முகடுகள். ஒன்று அந்த நொடிக்குச் சற்று முன்னால், மற்றது சற்றுப் பின்னால். நடுவில், மருந்து நிற்க வேண்டிய இடத்தில், பள்ளம். ஓட்டுநர் தன் படிவத்தில் இருமல் மருந்து குடித்ததாக எழுதியிருந்தார். அதை வாங்கிக் கோப்பில் சொருகியவன் நான். அக்கா அதே இருமல் மருந்தைக் கடையில் வாங்கிவந்து ஓட்டினார். அதே இரண்டு முகடுகள் வந்தன. மற்ற கோப்புகளில் பிழை இல்லை. இந்த ஒருவர்தான்.

"ஒரு மனுஷன் வேலையப் பறிச்சிட்டேன்டா," என்று அக்கா அழுதார்.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "முடிஞ்சுபோன விஷயம்மா. அவரே ஒண்ணும் கேக்கல. நீங்க ஏன் கிளறணும்?"

"கிளறத்தான் சார் எனக்குச் சம்பளம்."

பிழை தன்னுடையது என்று அக்கா எழுதிக் கையெழுத்திட்டுப் பேருந்து நிறுவனத்துக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் இரண்டே வரியில் பதில் வந்தது. ஓட்டுநர் போதை மருந்து எடுத்ததைத் தன் கைப்பட எழுதி ஒப்புக்கொண்டுவிட்டார், மறுவிசாரணைக்கு இடமில்லை.

இல்லாததை ஒருவர் எப்படி ஒப்புக்கொள்வார்? இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். மூன்றாவது மாடி. முன்னறையில் உட்கார்ந்து நாற்காலிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதிக் கொடுத்தா ஆறு மாசத்துல திரும்ப எடுத்துக்கறோம்னாங்க மேடம். மெஷின் பொய் சொல்லுமான்னு கேட்டாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. டீயில எவனாவது கலந்திருப்பானோன்னு."

"வேலைக்கு நான் திரும்பவும் எழுதறேன் சார். விட மாட்டேன்."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி என் பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க. அஞ்சு மாசமா என் மூஞ்சியப் பாத்துப் பேசல."

உள்ளேயிருந்து வந்த பெண்ணுக்குப் பதிமூன்று வயது இருக்கும். அக்கா படங்களைத் தரையில் விரித்தார். "இதுதான் உங்கப்பாவோடது. இது நான் தப்பா தேய்ச்சதும்மா. அவர் எந்தப் போதை மருந்தும் எடுக்கல." அந்தப் பெண் குனிந்து, நடுவில் இருந்த பள்ளத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஓட்டுநர் கையில் சுத்தியலோடு எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு மாதிரி ஒன்று வர ஆரம்பித்தது.

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அப்போ நான் கேட்டப்ப ஏம்ப்பா ஆமான்னு சொன்னீங்க?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அதுக்கும் நான்தாம்மா காரணம்," என்றார் அக்கா. அந்தப் பெண் அக்கா பக்கம் திரும்பவே இல்லை.