கயிற்றை முடிந்துவிட்ட ஐந்து நிமிடம்

1. நான் கால்வாய்ப் படகொன்றில் குடியிருக்கிறேன். கடந்த கோடையில் அக்கா என்னோடு தங்க வந்திருந்தார். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு அருகே ஷ்லொய்சேயின் முன் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். படகை உள்ளே விட்டு, கதவடைத்து, தண்ணீரோடு கீழே இறக்கும் பெரிய தொட்டி அது. சரக்குக் கப்பல்களுக்குத்தான் அங்கே முன்னுரிமை.

2. உள்ளே போனதும் சுவரிலிருந்த இரும்புக் கட்டையில் கயிற்றைச் சுற்றினேன். தண்ணீர் இறங்க இறங்க அதைக் கையால் தளர்த்த வேண்டும்.

3. வீணான நேரத்தை ஈடுகட்ட நினைத்துக் கயிற்றை முடிந்துவிட்டேன். பராமரிப்புப் பட்டியலில் எஞ்சின் எண்ணெய் மட்டும் பாக்கி; அதன் அளவைப் பார்க்கக் குனிந்தேன்.

தண்ணீர் இறங்கியது. படகின் ஒரு பக்கம் கயிற்றில் தொங்கியது. மறுபக்கம் ஜன்னல்வரை தண்ணீருக்குள் சரிந்தது.

"என்னடி, தேத்தண்ணிக் கேத்தில் ஓடுது!" என்று சமையலறையிலிருந்து அக்கா கத்தினார்.

முடிச்சு இறுகிவிட்டது. விரலால் அசைக்கவே முடியவில்லை.

"அக்கா, கத்தி!"

"எது, மீன் வெட்டுறதோ?"

"எதெண்டாலும் கெதியாத் தாங்கோ! தந்திட்டு மேல வாங்கோ!"

பாதி அறுத்ததுமே கயிறு தெறித்து, என் முகத்தை உரசாத குறையாகச் சுவரில் அடித்தது. படகு தொப்பென்று விழுந்து நிமிர்ந்தது. இருவருக்கும் காயமில்லை.

அக்கா என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். "இனி உன்ர லிஸ்டில முதலாவதாக் கத்தியை எழுது," என்றார்.

எழுதினேன். இப்போது கயிற்றுக்கு அருகே உறையில் ஒரு கத்தி தொங்குகிறது. ஷ்லொய்சேக்குள் பட்டியலைத் தொடுவதில்லை. கயிறு என் கையிலேயே இருக்கும்.

எண்ணெயை மறுநாள் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.